கிழக்குக் குழியின் சூடு

இருவத்திமூணு தடவ போன் பண்ணினனுங்க தம்பி, உங்க கம்பெனிக்கு. இருவத்திமூணு. ஒவ்வொரு தடவயும் ஒரு புள்ள எடுத்து, உங்க பேருங்க சார், ஊருங்க சார், மெசின் நம்பருங்க சார்னு கேக்கும். நானும் அர்த்தநாரி, மூலனூருக்குத் தெக்க கருக்கம்பாளையம்னு மொதல்ல இருந்து சொல்லுவேன். உங்க புகாரப் பதிவு பண்ணிட்டோமுங்க சார்னு வெச்சுப்போடும். பதிவு பண்ணி என்னத்துக்காகுது? மாடு பதிவையா திங்கும்? இன்னிக்குத்தான் ஆளுன்னு நீங்க ஒருத்தர் வந்து நிக்கறீங்க. உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாம், அதுக்குக் கால் சரியில்ல. இதுல உக்காருங்க.

உங்க மேல எனக்குக் கோவமில்லீங்க. கோவமெல்லாம் அந்தக் கம்பி மேலதான். சென்சாரு, சென்சாருன்னு ரெண்டு வருசமா என்ற உசிர எடுக்குது. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். மெசின்ல கோளாறுன்னு கம்பெனித் தாள்ல எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போயிருங்க. வெள்ளிக்கெழம யாவாரி வர்றான். கட்டுத்தறியில நிக்கற பதினோரு மாட்டயும் ஓட்டிட்டுப் போகப் போறான். என்ற பையன் தினகரன் ஓசூர்ல உக்காந்துட்டே பேசி முடிச்சுப்போட்டான்.

அவன் சொல்றதுலயும் ஒரு நாயமிருக்குதுங்க. "அப்பா, மெசின் தப்புன்னா மெசினத் தூக்கி எறிஞ்சரலாம், மாடு இருக்கட்டும். மெசின் சரியா இருந்தும் ரெண்டு வருசமாத் தீனி கெடுதுன்னா, நம்மால தீனி காக்க முடியலன்னு அர்த்தம். அப்பறம் எதுக்கு மாடு?"ன்னு கேக்கறான். என்ற மருமவ கோகிலவாணி, மெசின்தான் தப்புன்னு அவன்கிட்டச் சொல்லிப் பாத்தா. அவன் நம்பல. "நீ சொல்லாத, கம்பெனிக்காரன் சொல்லட்டும்"னுட்டான். இன்னிக்குப் புதன். நடுவுல ஒரு நாள்தான் இருக்குது. அதனாலதான் சொல்றேன், அந்தத் தாளு எனக்கு வேணும்.

மாட்டு விசயத்துல கோகிலாவ நானு ஒரு கொற சொல்ல மாட்டனுங்க. என்ற வீட்டுக்காரி போயி ஆறு வருசமாச்சு. அப்ப கட்டுத்தறியில ரெண்டே மாடு. இந்தப் புள்ளதான் அத நாலாக்கி, எட்டாக்கி, இப்பப் பதினொண்ணு. புருசன் ஓசூர்ல, இவ இங்க சாணிக்கூடையோட. சொசைட்டியில இவ பாலுக்குத்தான் கொழுப்பு ஜாஸ்தி. ஒவ்வொரு மாடும் இவ கொரலக் கேட்டாத்தான் பால எறக்கும். அதெல்லாம் சரி. ஆனா போனு, மெசினுன்னு யாராச்சும் சொல்லீட்டா நம்பீருவா. அங்கதான் அவளுக்கும் எனக்கும் ஒத்து வராது.

மொதமொதல்ல மக்காச்சோளக் காட்டுல ஒரு கம்பியக் கொண்டாந்து நட்டாளுங்க. மண்ணுல ஈரம் எவ்வளவுன்னு போன்ல சொல்லுமாம். அது சொன்னாத் தண்ணி கட்டறது, சொல்லலீன்னாக் கட்டறதில்லையாம். என்ற காட்டுல எப்பத் தண்ணி கட்டறதுன்னு ஒரு குச்சி எனக்குச் சொல்லோணுமாக்கும்? சரி, இதுக்கு எவ்வளவு வெவரமிருக்குதுன்னு பாப்போம்னு ஒரு நாள் ஒரு கொடம் தண்ணிய எடுத்துட்டுப் போயி அந்தக் கம்பி அடியில ஊத்தினனுங்க. வீட்டுக்கு வர்றதுக்குள்ள கோகிலா சொல்றா, "மாமா, காட்டுல ஈரம் நல்லா இருக்குதுங்க, இன்னிக்குத் தண்ணி கட்ட வேண்டியதில்ல"ங்கறா. ஒரு கொடம் தண்ணிக்கு ரெண்டு ஏக்கரும் நனைஞ்சிருச்சுன்னு நம்பற மெசினு தம்பி அது. அன்னிக்கே எனக்கு அதோட ஞானம் தெரிஞ்சு போச்சு.

இல்லீங்க, அவகிட்டச் சொல்லல. நாலு நாள் கழிச்சுப் பயிரு சொணங்குச்சு, அவளே போயித் தண்ணி கட்டிக்கிட்டா.

இப்ப குழிக் கதைக்கு வர்றேன். பச்சை மக்காச்சோளத்த, கருது பால் இறுகற பதத்துல தட்டோட அறுத்து, ரெண்டு விரல்கடைக்கு வெட்டி, குழியில கொட்டி, டிராக்டர ஏத்தி நல்லா மிதிச்சு, கருப்புச் சீட்டுப் போட்டு மூடிர்றது. அதுக்கு மேல மண்ணு, பழைய டயரு. சைலேஜுங்கறாங்க. நாப்பத்தஞ்சு நாள் கழிச்சுத் தொறந்தா ஊறுகாயாட்ட ஒரு புளிப்பு வாசம் வரும். அந்த வாசத்துக்கு மாடு கயித்த அத்துட்டு ஓடியாரும். உங்களுக்குத் தெரியாததில்ல, இருந்தாலும் சொல்றேன். ஏன்னா பங்குனிக்கு மேல இந்தப் பக்கம் ஒரு பச்சை கெடையாதுங்க. ஆவணியில மழ வர்ற வரைக்கும் அந்தக் குழித் தீனிதான் மாட்டுக்கு உசிரு. அது கெட்டுதுன்னா மாட்ட வெச்சுக்கிட்டு அதோட மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்.

ரெண்டு குழி போட்டோமுங்க. ஒண்ணு கெழக்க, இதோ கட்டுத்தறிக்குப் பொறத்தால. இன்னொண்ணு மேக்க, ஓடையத் தாண்டி. குழிக்கு ரெண்டு கம்பி. உள்ள எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம்னு அது சொல்லோணும். என்ற போன்லயும் அத ஏத்திக் குடுத்தா கோகிலா. பச்சையா இருந்தா நல்லாருக்குது, செவப்பா வந்தாச் சூடு. அவ்வளவுதான், எழுத்துக்கூட வேண்டாமுங்க மாமான்னா.

மூடி மூணாம் நாளே செவந்துதுங்க. முப்பத்தெட்டுன்னுச்சு. கோகிலா சொன்னா, "மொதல்ல சித்தெ சூடாகித் தானா எறங்குமுங்க மாமா, நீங்க வெசனப்படாதீங்க"ன்னு. எறங்குமுங்கறத எப்படி நம்பறது? நானு யாருன்னு உங்களுக்குத் தெரியாது தம்பி. வெள்ளகோயில் மண்டியில இருவது வருசம் தரம் பாத்தவன். கடலை, எள்ளு, மக்காச்சோளம், எந்த மூட்டையா இருந்தாலுஞ் சரி, உள்ள மொழங்கை வரைக்கும் கைய விட்டனுன்னா ஈரம் எவ்வளவு, சூடு எவ்வளவு, இது எத்தன நாளைக்குத் தாங்கும்னு சொல்லீருவேன். மொதலாளி தராசக்கூட ஒருக்கா சந்தேகப்படுவாரு, என்ற கையச் சந்தேகப்பட மாட்டாரு. மூட்டை சூடா இருந்தா என்ன பண்ணோணும்? தையலப் பிரிச்சு, களத்துல பரப்பி, காத்து விடோணும். சூடுன்னாக் காத்து விடோணும். இது சின்னப் புள்ளைக்கும் தெரியும்.

அதனால போனனுங்க. ரெண்டு டயர நகத்தி, மண்ணத் தள்ளி, சீட்டத் தூக்கி, கைய உள்ள விட்டுப் பாத்தேன். ஒரு சூடும் இல்ல. இளஞ்சூடு, அவ்வளவுதான். மெசின் பொய் சொல்லுதுன்னு அன்னிக்கே தெரிஞ்சு போச்சு. சரி, எதுக்கும் பாத்துக்குவோம்னு அன்னையில இருந்து வெடியால ஒருக்கா, பொழுதோட ஒருக்கா. டீ குடிச்சாலும் குடிக்கலீன்னாலும் குழிக்குப் போகாம இருந்ததில்ல. முட்டி வலியோட, இந்த வயசுல, டயரத் தள்ளறது லேசில்லீங்க. யாரு பண்ணுவா? சம்பளத்துக்கு வர்ற ஆளு பண்ணுவானா?

நம்ம தீனி, நம்ம மாடு. அதனால பண்ணினேன்.

மூடறப்பவும் அப்படியே சாத்தீர மாட்டேன். ஒரு மூலையில ஒரு கட்டையச் சொருகிச் சித்தெ தூக்கி விட்டுருவேன். பச்சைத் தழையாச்சே, மூச்சு முட்டீரக் கூடாதில்லீங்க? ஆனா பொழுதோட போனாக் கட்டை இருக்காது. கோகிலா எடுத்துருவா. கேட்டா, "காத்துல பறந்திருக்குமுங்க மாமா"ங்கறா. வேப்பங்கட்டை தம்பி அது, நல்ல கனம். காத்துல பறக்குமா? அவளுக்குக் கட்டை விசயமெல்லாம் தெரியல, விட்டுட்டேன்.

மெசின் என்ன பண்ணுச்சு? முப்பத்தெட்டுன்னது நாப்பத்தியொண்ணுன்னுது. அப்பறம் நாப்பத்திநாலு. பொய்யச் சொன்னவன் அதக் காப்பாத்தறதுக்கு மேல மேல சொல்லுவான் பாருங்க, அதே கதை. செவப்புச் செவப்பா வரும். வந்த ஒடனே நானு ஓடுவேன். ஒரு நாள் நாலு தடவகூட ஓடியிருக்கறேன்.

இப்ப மேக்குக் குழி இருக்குதே, அதக் கேளுங்க. ஓடையத் தாண்டோணும், மேடு ஏறோணும், என்ற முட்டிக்கு ஆகாது. அதனால நானு அந்தப் பக்கம் போறதே இல்ல. அங்க மொத வாரத்துக்கப்பறம் மெசின் ஒரு நாளாச்சும் செவந்துச்சுங்கறீங்களா? இல்ல. பச்சையாவே நின்னுச்சு. அந்தப் பக்கத்து மண்ணு அப்படி. அதான் கோகிலா ரெண்டு குழியயும் மேக்கயே போட்டுக்கலாமுங்க மாமான்னு ஒத்தக் கால்ல நின்னா. நாந்தான் வேண்டாம்னுட்டேன். அவ்வளவு தூரத்துல போட்டா யாரு போயிப் பாக்கறது?

இது போன வருசக் கதை. குழியத் தொறந்தா கெழக்குக் குழி மேல ஒண்ணரை அடி கருகிப் போயிக் கெடக்குது. வெள்ளப் பூசணம். மூக்க வெக்க முடியல. தினகரன் போன் போட்டான். எடுத்த எடுப்புல, "அப்பா, யாராச்சும் குழியத் தொறந்தீங்களா?"ன்னு கேட்டான்.

எங்கிட்டக் கேக்கறானுங்க. பெத்தவனப் பாத்து. நாப்பத்தஞ்சு நாளும் முட்டி தேயத் தேயக் காவல் காத்தவனப் பாத்துக் கேக்கறான். போனக் கோகிலா கையில குடுத்துட்டுப் போயிப் படுத்துட்டேன். ரெண்டு நாளு சோறு திங்கல. சோத்துத் தட்டக் கொண்டாந்து வெச்சா, சொவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்குவேன். மூணாம் நாளு அவளே வந்து, "மாமா, எலி கடிச்சிருக்குதுங்க, சீட்டுல ஓட்டை இருந்துச்சு. மெசினும் சரியில்லீங்க. உங்க பையன்கிட்டச் சொல்லீட்டேன்"னு சொன்னா. அப்பத்தான் எந்திரிச்சு ரெண்டு வாய் சாப்பிட்டேன். ஓட்டைய நானு பாக்கல. அவ பாத்தாளாமா. எலியோ கிலியோ, என்ற மேல பழியில்லாமப் போச்சேன்னு இருந்தேன்.

ஆனா ஒண்ணு பாருங்க. அவளே மெசின் சரியில்லைன்னு சொன்னாளில்ல, அப்ப அதத் தூக்கி எறியோணுமா வேண்டாமா? இந்த வருசமும் மாசியில குழி போட்டு அதே கம்பியச் சொருகறா. கேட்டா வேலையப் பாக்கப் போயிருவா. அதுக்குப் பதிலா டயரு ரெட்டிப்பா ஏத்தினா. குழியச் சுத்திக் கிளுவமுள்ள வெட்டிப் போட்டா. எதுக்கம்மிணி முள்ளுன்னா, "ஆடு ஏறுதுங்க மாமா"ங்கறா. பக்கத்துத் தோட்டத்துல ஆடிருந்தது நெசம். அவன் ஆட்ட வித்து ஒரு வருசமாச்சுங்க. இல்லாத ஆட்டுக்கு முள்ளப் போட்டு, இருக்கற மாமனாருக்குத்தான் காலெல்லாம் கீறல். முள்ள ஒதுக்கி, டயரத் தள்ளி, சீட்டத் தூக்கி, வெடியால ஒருக்கா, பொழுதோட ஒருக்கா. அவ என்ன சொன்னாலும் நானு என்ற கடமைய விடலீங்க.

அப்படியிருந்தும் போச்சு. இந்த வருசமும் போச்சு. பாதிக் குழி போச்சு. கூடை கூடையா அவ அள்ளி எருக்குழியில கொட்டறா, நானு நின்னு பாக்கறேன். நல்லது எது, கெட்டது எதுன்னு எவ்வளவுதான் பிரிச்சுப் போட்டாலும் கொஞ்சம் உள்ள போயிருச்சு. மூணு மாடு தீனி எடுக்கல. செனையா இருந்த கருப்பு மாடு ஏழாம் மாசத்துலயே கன்னு வீசிருச்சுங்க, உசிரில்லாத கன்னு. டாக்டரு வந்து பூசணம் புடிச்ச தீனின்னாரு. கோகிலா அந்தக் கன்ன மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. அழுவல. என்னைய ஒருக்காப் பாத்தா, அப்பறம் மாட்டப் பாத்துத் திரும்பிக்கிட்டா. அந்த மெசின அப்பவே புடுங்கி எறிஞ்சிருப்பேன். தினகரனுக்குச் சேதி போன அன்னிக்கே அவன் யாவாரியப் புடிச்சுட்டான்.

இப்பச் சொல்லுங்க. மெசினப் பாத்தாச்சா? என்ன பண்ணினீங்க, சுடுதண்ணிக்குள்ள விட்டீங்க, ஐஸ் தண்ணிக்குள்ள விட்டீங்க. சுடுதண்ணிய சுடுதண்ணிங்குது, ஐஸ ஐஸுங்குது. அது யாரு வேணும்னாலும் சொல்லுவாங்களே தம்பி. அதுல என்ன பெரிய கெட்டிக்காரத்தனம்?

கம்பி சரியாத்தான் இருக்குதுங்கறீங்களா? அதெப்படி? பொய்யி எழுத முடியாதுன்னா நானென்ன பொய்யா எழுதச் சொல்றேன்? உள்ளத எழுதுங்க. என்ன வேணும்னாலும் கேளுங்க, நானு மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. என்ன காட்டறீங்க போன்ல? கண்ணாடிய எடுத்துக்கறேன், இருங்க.

இது கெழக்குக் குழியா? கோடு பல்லுப் பல்லா இருக்குது. ஒவ்வொரு பல்லும் ஒரு தடவ சூடு மாறினதா? சரி. மணி எங்க போட்டிருக்குது? ஆறு பத்து. இது ஆறு அஞ்சு. பொழுதோட நாலரை. நாலே முக்கா. அட, இது நானு போற நேரமுங்க. அடுத்த நாளும் அதே நேரம். நானு போன ஒடனே ஒரு குலுக்குக் குலுக்கி, அப்பறம் மேல போகுது. நாலு தடவ போன அன்னிக்கு நாலு பல்லு. பரவால்லையே தம்பி. இத்தன நாளும் இந்த மெசினத் திட்டீட்டு இருந்தேன், இது எனக்குச் சாட்சியா நிக்குதே. ஒரு நாளாச்சும் நானு போகாம விட்டனான்னு தினகரன் இதப் பாக்கட்டும்.

இதென்ன, நடுவுல மூணு நாள் பல்லே இல்ல, கோடு படுத்துக் கெடக்குது? பங்குனிப் பதினெட்டு, பத்தொம்பது, இருவது. அது நானு ஊர்ல இல்லீங்க. என்ற தங்கச்சி பேத்தி கலியாணத்துக்குத் திருச்செங்கோடு போயிருந்தேன். அந்த மூணு நாளும் சூடு எறங்கியிருக்குதா? பாருங்க, நானு இல்லீன்னா ஒழுங்கா இருக்குது. என்னக் கண்டாத்தான் அதுக்கு ஆகாது.

எழுதுங்க. மெசின் கெட்டதுன்னு எழுத வேண்டாம், போகட்டும். நானு சொல்றத எழுதுங்க. கருக்கம்பாளையம் அர்த்தநாரி, மாசி மாசத்துல இருந்து கெழக்குக் குழிய தெனமும் ரெண்டு வேளை தவறாமத் தொறந்து, கைய விட்டுப் பாத்திருக்கறாருன்னு எழுதுங்க. மெசின் கணக்குல பதிவாகியிருக்குதுன்னும் எழுதுங்க. இதவிட ஒரு மனுசன் எப்படித் தீனியக் காப்பான்? இது போதும் தினகரனுக்கு. இதப் பாத்தப்பறமும் மாட்ட விப்பானா?

வா கோகிலா. தம்பிக்கு மோர் கொண்டாந்தயா, குடு.

என்னது? எழுத வேண்டாமா? ஏம்மிணி, அதச் சொல்றதுக்கு நீ ஆரு? கேளுங்க தம்பி. மெசின்தான் தப்புன்னே எழுதிருங்க சார், மாமா பேர எழுதாதீங்க சார்ங்கறா. ரெண்டு வருசமா மெசின் மெசின்னு தாங்குனவ, இன்னிக்கு என்ற பேரு ஒரு தாள்ல வர்றது பொறுக்காம மெசினத் தப்புன்னே எழுதச் சொல்றா. இதத்தான் சொன்னேன் உங்ககிட்ட. மாடெல்லாம் அவ தனியாக் காப்பாத்தினதா இருக்கோணும். இந்தக் கெழவன் ஒண்ணும் பண்ணலைன்னு இருக்கோணும். சொல்லீர்றேன் அம்மிணி, மனசுல வெச்சுக்கிட்டு என்னால இருக்க முடியாது. நானும் இந்த வீட்டுல சோறு திங்கறவன், எனக்கும் அந்த மாட்டு மேல பாத்தியம் இருக்குது. நீங்க எழுதுங்க தம்பி. அவளப் பாக்காதீங்க, தாளப் பாத்து எழுதுங்க.

எழுதியாச்சா? நல்லது. இருங்க, தினகரனுக்குப் போன் போடறேன். அவன் காதுல நேரா விழட்டும். தினகரா, அப்பாதான். கம்பெனித் தம்பி வந்திருக்கறாரு. அவரு எழுதினதப் படிப்பாரு, நீ கேளு, குறுக்க பேசாத. படிங்க தம்பி. நல்லாச் சத்தமாப் படிங்க.

நல்லாப் படிச்சீங்க. அதென்ன கடைசியில, காத்துப் புகுந்ததுதான் தீனி கெட்டதுக்குக் காரணம்னு எதுவோ எழுதியிருக்கறீங்களே, அது நானு சொல்லலியே. தினகரா? லைன்ல இருக்கறயா? என்ன, கோகிலாகிட்டக் குடுக்கறதா? எங்கிட்டப் பேசுனா என்ன? சரி, இந்தாம்மிணி, உன்னைய வேணுமாம்.

என்ன சொல்றா தம்பி அவ? எனக்குக் காது அவ்வளவு கேக்காது. தெரியுமுங்கறாளா? போன வருசமே தெரியுமுங்க, நாந்தான் சொல்லலீங்கங்கறாளா? என்ன தெரியும்? போன வருசமே என்னம்மிணி தெரியும் உனக்கு? எதுக்கு அவன்கிட்ட அழுவற? கன்னு செத்தப்ப அழுவாதவ இப்ப எதுக்கு அழுவற?

நீங்க சொல்லுங்க தம்பி. தரையப் பாக்காதீங்க. என்ற வயசுல பாதி இருக்குமா உங்களுக்கு, பரவால்ல, சொல்லுங்க.

தொறக்கவே கூடாதா? ஒரு கை போற அளவுக்குங்கூடவா? தானா எறங்க வேண்டிய சூடு, நானு தொறந்து காத்து விட்டதுனாலதான் ஏறுச்சுங்கறீங்க. மேக்குக் குழி மண்ணுனால இல்ல, நானு போகாததுனால.

மூட்டையின்னா காத்து விடறதுங்க. இருவது வருசம் அதத்தானுங்க பண்ணினேன்.

சித்தெ இருங்க. தண்ணி வேண்டாம். நானு நல்லாத்தான் இருக்கறேன்.

கருப்பு மாட்டுக் கன்னு, அதுவும் இதுலதானா? ஆமாம்னு சொல்லுங்க, தலைய ஆட்டாதீங்க. சரி. அப்ப இவ அன்னிக்கு என்னையப் பாத்துத் திரும்பிக்கிட்டது அதுக்குத்தான். மூஞ்சிக்கு நேரா ஒரு வார்த்தை சொல்லியிருந்தாத்தான் என்ன கோகிலா? நானென்ன பகையாளியா? மாமா, உங்களாலதான் கெடுதுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா... சொல்லியிருந்தா நானு மறுக்கா போயிப் படுத்திருப்பேன். அதுவும் நெசந்தான். உன்னையச் சொல்லிக் குத்தமில்ல. எனக்கே எம்மேல அப்படி வருது கோவம்.

தினகரா, போன வெச்சுராத. கேட்டயில்ல. நீ சொன்ன கணக்குல மெசின் சரியா இருக்குது, அதனால மாடு போகோணும். அது தப்பு. தீனி காக்கத் தெரியாம இருந்தது இந்த வீட்டுல ஒருத்தன்தான். அவளுக்குத் தெரியும். மேக்குக் குழி முழுசா இருக்குது, ஆவணி வரைக்கும் வரும். நானு ஓடைப் பக்கமே போகல, போ. யாவாரிக்கு நீயே போன் போட்டு வர வேண்டாம்னு சொல்லீரு. சொல்லுவயா? வாயத் தொறந்து சொல்லு. ஆ, அது.

தம்பி, பேனாவ எங்க கொண்டு போறீங்க? என்ற பேர அடிக்கறீங்களா? அவ சொன்னாள்னா? வேண்டாம். அடிக்காதீங்க. நாளைக்கு இவன் மனசு மாறி, மாட்ட ஓட்டுன்னு மறுபடியும் ஆரம்பிச்சா, அவ கையில காட்டறதுக்கு ஒண்ணு வேணும். அவ வாயால அவ என்னையச் சொல்ல மாட்டா. அதனால அந்தத் தாளு சொல்லட்டும். அர்த்தநாரின்னு மொட்டையா இருக்கு பாருங்க, அதுக்கு முன்னால என்ற அப்பன் பேரு ராக்கியண்ணன், அதையும் சேத்துக்கங்க. இந்த ஊர்ல இன்னும் ரெண்டு அர்த்தநாரி இருக்கறாங்க. நாளைக்குப் படிக்கறவன் அவிகள நெனைச்சுரக் கூடாது.